குண்டு எங்கே போய் நிற்கும்?

கோட்டாறு கம்போளத்துக்குச் சாமான் வாங்க வருகிற மலையடிவாரத்து விவசாயிகளிடம் கொஞ்ச நேரம் பேச்சுக் கொடுத்தால் காட்டுப்பன்றி வந்துவிடும். மரச்சீனி விளையை ஒரே இரவில் கிண்டிப் போட்டதைச் சொல்வார்கள். குலை தள்ளுகிற நேரத்தில் வாழை சாய்ந்து கிடந்ததைச் சொல்வார்கள். முடிக்கும்போது பலரும் கேட்பது ஒன்றுதான்: "லைசென்ஸ் எடுத்து ஒரு துப்பாக்கி வாங்கிப் போட்டா என்ன அண்ணாச்சி? எது வாங்கலாம்?"

நியாயமான கேள்வி. பதிலை விலைப் பட்டியலில் தேடினால் கிடைக்காது. சுட்ட குண்டு கடைசியில் எங்கே போய் நிற்கும் என்ற கணக்கில்தான் அது இருக்கிறது. பன்றி மேல் பட்டால் சரி. படாமல் போனால்? பட்டும் துளைத்துக்கொண்டு மறுபக்கம் வெளியேறினால்? இந்த இரண்டு கேள்விகளுக்கும் விடை தெரியாதவர் எந்தத் துப்பாக்கியையும் வாங்கக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம்.

நம் ஊர் மண்ணிலிருந்தே தொடங்கலாம். 1741 ஆகஸ்டில் குளச்சல் கடற்கரையில் மார்த்தாண்ட வர்மாவின் படையும் டச்சுக்காரர்களும் மோதியபோது இரு தரப்பிலும் இருந்தவை வழவழப்பான குழல் கொண்ட மஸ்கெட்டுகள். குழலின் வாய்வழியே மருந்தையும் ஈய உருண்டையையும் போட்டு இடித்துப் பற்றவைப்பார்கள். உருண்டை எளிதாக உள்ளே இறங்க வேண்டுமென்பதால் அதைக் குழலைவிடச் சற்றுச் சிறிதாக வார்த்தார்கள். சுடும்போது அது குழலின் சுவரில் இங்கும் அங்கும் மோதிக்கொண்டே வெளியேறும். கடைசியாக எந்தப் பக்கம் மோதியதோ அதற்கேற்ப ஒரு திசையில் விலகும். நூறு மீட்டருக்கு அப்பால் நிற்கும் ஒரு மனிதனைக் குறிபார்த்து அடிப்பது அதிர்ஷ்டத்தைப் பொறுத்ததாகவே இருந்தது. அதனால்தான் படைவீரர்களை வரிசையாக நிறுத்தி ஒரே நேரத்தில் சுடவைத்தார்கள். அந்தப் போரில் பிடிபட்டுப் பின்பு திருவிதாங்கூரின் தளபதியாகவே ஆன டிலனாய் நம் படைக்குக் கற்றுக்கொடுத்தவற்றில் இந்த வரிசை ஒழுங்கும் ஒன்று. புலியூர்க்குறிச்சி உதயகிரிக் கோட்டையில் அவர் நடத்திய பீரங்கி வார்ப்படச் சாலையும் அங்கேயே இருக்கும் அவர் கல்லறையும் நம்மில் பலர் பார்த்த இடங்கள்.

இந்த வழுவழுப்புக் குழல் இன்றும் போய்விடவில்லை. கேப்பு வைத்துச் சுடும் நாட்டுத் துப்பாக்கியும், தோட்டா போடும் 12 போர் துப்பாக்கியும் இதன் வாரிசுகள். 12 போர் என்றால் என்ன? ஒரு பவுண்டு ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டைகளாக வார்த்தால் ஒரு உருண்டை எவ்வளவு பருமன் இருக்குமோ அதுதான் குழலின் விட்டம். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 453.6 கிராமைப் பன்னிரண்டால் வகுத்தால் 37.8 கிராம், ஈயத்தின் அடர்த்தியால் வகுத்துக் கன அளவையும், அதிலிருந்து விட்டத்தையும் கண்டால் 18.5 மில்லிமீட்டர் வரும். இந்தக் குழலில் பெரும்பாலும் ஒற்றைக் குண்டு போடுவதில்லை. ஒரு தோட்டாவுக்குள் பல சிறு ரவைகள். குழலைவிட்டு வெளியே வந்ததும் அவை விரிந்து பரவும். ஒவ்வொரு ரவையும் சின்னது, எடை குறைவு, காற்று அதைச் சீக்கிரம் நிறுத்திவிடும். பறவைகளுக்குப் போடும் சிறு ரவை இருநூற்றைம்பது மீட்டர் அளவில் விழுந்துவிடும். எல்.ஜி., எஸ்.ஜி. என்கிற பெரிய ரவைகள் அறுநூறு, எழுநூறு மீட்டர் வரை போகக்கூடும்.

ரைஃபிளின் குழல் வேறு வகை. அதன் உட்சுவரில் திருகுபோலச் சுற்றிச் செல்லும் வரிப்பள்ளங்கள் வெட்டியிருக்கும். குண்டு அந்தப் பள்ளங்களை இறுகப் பற்றிக்கொண்டு சுழன்றபடியே வெளியே வரும். சுழலும் பம்பரம் சாயாமல் நிற்பதுபோலச் சுழலும் குண்டும் தலைகுப்புறப் புரளாமல் மூக்கை முன்னே நீட்டியே பறக்கும். .22 அங்குலக் குழல் கொண்ட ரைஃபிளில் வழக்கமாகப் பதினாறு அங்குலத்துக்கு ஒரு சுற்று. குண்டின் வேகம் நொடிக்கு ஏறக்குறைய 330 மீட்டர் என்றால், அது நொடிக்கு எண்ணூறு தடவை சுழல்கிறது. புரளாத குண்டுக்குக் காற்றின் தடை குறைவு. ஆகவே குறியும் தப்பாது, தூரமும் கூடும். துல்லியத்தைத் தந்த அதே திருகுவரிதான் நெடுந்தூர ஆபத்தையும் கொண்டுவந்தது. ஒன்றை விட்டு மற்றதை மட்டும் வாங்க முடியாது.

எவ்வளவு தூரம்? .22 மிகச் சிறிய தோட்டா. குண்டின் எடை இரண்டரை கிராமுக்குச் சற்றே அதிகம். அதுவே சரியான சாய்வில் சுட்டால் ஒன்றரைக் கிலோமீட்டர் வரை போகும். இந்தியாவில் லைசென்ஸ் வைத்திருப்பவர்கள் பெரிதும் வாங்கும் பெரிய ரைஃபிள் .315. மேற்கு வங்காளத்தில் இச்சாப்பூர் ரைஃபிள் தொழிற்சாலை செய்வது. அதற்கு ஒரு கதை உண்டு. பிரிட்டிஷ் இந்தியப் படையின் துப்பாக்கி .303. படைவீரர்களின் தோட்டா தனியார் துப்பாக்கியில் பொருந்தினால், படையிலிருந்து திருட்டுப்போகும் தோட்டாவுக்கு வெளியே வாடிக்கையாளர் இருப்பார். அதனால் படைத் தோட்டா பொருந்தும் துப்பாக்கிகளைப் பொதுமக்களுக்குத் தடைசெய்தார்கள். ஏறக்குறைய அதே பலமுள்ள, ஆனால் படைத் தோட்டா ஏறாத .315 அந்த இடத்தை நிரப்பியது. சுதந்திரத்துக்குப் பின்னும் அந்தத் தர்க்கம் மாறவில்லை. .303, 7.62 மில்லிமீட்டர், 9 மில்லிமீட்டர் போன்ற படைத் தோட்டாக்கள் ஏறும் துப்பாக்கிகள் இன்றும் தனி வகுப்பில் பூட்டப்பட்டிருக்கின்றன.

.315 குண்டு 15 கிராமுக்கு மேல்; நொடிக்கு அறுநூறு மீட்டருக்குச் சற்று அதிகமான வேகத்தில் புறப்படும். எடையில் பாதியை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கினால் ஆற்றல்: சுமார் 3,000 ஜூல். .22-க்கு 140 ஜூல் அளவுதான். .315 குண்டு மூன்று கிலோமீட்டருக்கு மேலும் பறக்கக்கூடியது.

இப்போது கோட்டாறு சவேரியார் கோயிலை மையமாக வைத்து மூன்று கிலோமீட்டர் ஆரத்தில் ஒரு வட்டம் போடுங்கள். மீனாட்சிபுரம், செட்டிகுளம், நாகர்கோவில் சந்திப்பு ரயில் நிலையம் எல்லாம் உள்ளே வரும். மலைக்காடு நீங்கலாக, ஊரை விட்டுத் தள்ளி எங்கே போட்டாலும் பெரிதாக மாறாது. 2011 கணக்கெடுப்புப்படி கன்னியாகுமரி மாவட்டத்தில் ஒரு சதுரக் கிலோமீட்டரில் 1,111 பேர். அந்த வட்டத்தின் பரப்பு 28 சதுரக் கிலோமீட்டர். மாவட்டச் சராசரிக்கே முப்பத்தோராயிரம் பேர் அதற்குள் உறங்குகிறார்கள். நம் ஊர்ப்புறத்தில் ஒரு ஊர் முடிந்து அடுத்த ஊர் தொடங்கும் இடம் வெளியூர்க்காரருக்குத் தெரியாது; ஒவ்வொரு தென்னந்தோப்புக்குள்ளும் ஒரு வீடு இருக்கும். ராஜஸ்தானத்துப் பாலையிலோ மத்தியப் பிரதேசத்துப் பொட்டலிலோ ரைஃபிள் வைத்திருப்பவரின் நிலைமை வேறு.

இன்னொன்று: நாஞ்சில் நாடு குளங்களும் பாறைகளும் நிறைந்த நாடு. ஈயக்குண்டு நீர்ப்பரப்பை ஐந்து பாகை அளவுக்கோ அதற்கும் குறைவாகவோ சாய்ந்து தொட்டால் மூழ்காது. எகிறிக் குதித்து வேறு பக்கம் போகும். பாறையில் பட்டால் இன்னும் மோசம். .22-ஐச் சின்னத் துப்பாக்கி என்று அலட்சியமாக நினைப்பவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். மெதுவாகப் போகும் வட்டமூக்கு ஈயக்குண்டு எகிறுவதில் பேர்போனது. தேரூர்க் குளத்தின் கரையிலிருந்து சுட்ட குண்டு எந்தப் பக்கம் போகும் என்று சுட்டவராலேயே சொல்ல முடியாது. வேட்டை அனுபவம் உள்ளவர்கள் உயரமான பரணிலிருந்து கீழ்நோக்கிச் சுடுவது இதனால்தான். குண்டு விலங்கைத் தாண்டினாலும் மண்ணில் புதைய வேண்டும். விலங்குக்குப் பின்னால் மண்மேடு இல்லையென்றால் குதிரையில் விரல் வைக்கக் கூடாது. இரவில் டார்ச் வெளிச்சத்தில் பன்றியின் கண் தெரியும். அதன் பின்னால் இருக்கும் வீட்டின் சுவர் தெரியாது.

இந்த இயற்பியலை நம் சட்டம் எவ்வளவு நுட்பமாக உள்வாங்கியிருக்கிறது என்பதைப் படித்தபோது எனக்கு மரியாதை கூடியது. 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தில் 13-ஆம் பிரிவின் மூன்றாம் உட்பிரிவைப் பாருங்கள். மறுப்பதற்குச் சட்டம் சொல்லும் காரணங்கள் இல்லாவிட்டால், சில துப்பாக்கிகளுக்கு உரிமம் வழங்க வேண்டும் என்று அது சொல்கிறது. எவை அவை? தற்காப்புக்கோ விளையாட்டுக்கோ குறைந்தது இருபது அங்குலக் குழல் கொண்ட வழுவழுப்புக் குழல் துப்பாக்கி. உண்மையான பயிர்ப் பாதுகாப்புக்கு வாய்வழி மருந்திடும் துப்பாக்கி. அது போதாது என்று அதிகாரி கருதினால் வேறு வழுவழுப்புக் குழல் துப்பாக்கி. அங்கீகாரம் பெற்ற ரைஃபிள் கிளப்பின் உறுப்பினருக்குக் குறிசுடும் பயிற்சிக்காக .22 ரைஃபிள் அல்லது ஏர் ரைஃபிள். இவற்றைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும், .315 உட்பட, தகுந்த காரணம் இருப்பதாக அதிகாரி நம்ப வேண்டும். வயலுக்கு, குண்டு சீக்கிரம் விழும் துப்பாக்கி. தூரம் போகும் திருகுவரிக் குழல், மண்சுவர் எழுப்பிய பயிற்சிக் களத்துக்கு. இருபது அங்குலம் என்பது சட்டைக்குள் மறைக்க முடியாத நீளம். அறுபது ஆண்டுகளுக்கு முன்பு எழுதியவர்கள் குண்டு எங்கே நிற்கும் என்று யோசித்துத்தான் எழுதியிருக்கிறார்கள்.

2016-இல் வந்த புதிய ஆயுத விதிகள் துப்பாக்கியைப் பாதுகாப்பாகக் கையாளும் பயிற்சியை விண்ணப்பதாரருக்குக் கடமையாக்கின. 2019 டிசம்பரில் வந்த திருத்தம், ஒருவர் வைத்துக்கொள்ளக்கூடிய துப்பாக்கிகளை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்து, உரிமக் காலத்தை மூன்று ஆண்டிலிருந்து ஐந்தாக நீட்டியது. கல்யாண வீட்டிலும் கோயில் விழாவிலும் வானத்தைப் பார்த்துச் சுடுவதற்கு இரண்டு ஆண்டு வரை சிறை என்றும் சேர்த்தது. அதுவும் தேவையான ஒன்றே: மேலே போன குண்டு கீழே வரும்போது காற்றுத்தடையால் வேகம் குறைந்தாலும் நொடிக்கு எண்பது, தொண்ணூறு மீட்டர் மிஞ்சும், மண்டையோட்டைத் துளைக்க அது போதும்.

விண்ணப்பம் கலெக்டர் அலுவலகத்துக்குப் போகும். அங்கிருந்து காவல்துறை விசாரணைக்கு வரும். 21 வயது நிறைந்திருக்க வேண்டும். குமரி மாவட்டத்தில் இதற்கு மேல் ஒரு தடை உண்டு. பலர் அதை அறியாமல் அலைகிறார்கள். மாவட்டத்தின் வடபகுதிக் காடுகள் 2008 முதல் வனவிலங்கு சரணாலயம், சுமார் 400 சதுரக் கிலோமீட்டர். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 34-ஆம் பிரிவுப்படி, சரணாலயத்திலிருந்து பத்துக் கிலோமீட்டருக்குள் புதிய துப்பாக்கி உரிமம் தருவதற்குத் தலைமை வன உயிரினக் காப்பாளரின் முன் இசைவு வேண்டும். தடிக்காரன்கோணம், கீரிப்பாறை, பேச்சிப்பாறை எல்லாம் இந்த எல்லைக்குள்தான். பன்றித் தொல்லை எங்கே அதிகமோ அங்கேதான் உரிமம் கிடைப்பது கடினம்.

உரிமம் கிடைத்தாலும் பன்றியைச் சுடலாம் என்று பொருளில்லை. துப்பாக்கி வைத்திருப்பதற்கான அனுமதி வேறு, விலங்கைக் கொல்வதற்கான அனுமதி வேறு. கேரளத்தில் 2022 முதல் உள்ளாட்சித் தலைவர்களே உத்தரவிட்டு, உரிமம் பெற்றவர்களைக் கொண்டு பன்றியைச் சுடவைக்கலாம். தமிழ்நாட்டில் 2025 ஜனவரியில் வந்த முடிவு வேறு மாதிரி: காப்புக்காட்டின் எல்லையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் சுடக் கூடாது, ஒன்றிலிருந்து மூன்று கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விட வேண்டும், மூன்றைத் தாண்டினால் பயிற்சி பெற்ற வனத்துறையினர் சுடலாம். களியக்காவிளைக்கு அந்தப் பக்கம் ஒரு சட்டம், இந்தப் பக்கம் ஒரு சட்டம் என்று நம் விவசாயிகள் ஆதங்கப்படுவதில் நியாயம் இருக்கிறது. அடிவாரத்து விவசாயிக்கு விரைவான இழப்பீடும் வேலிக்கு உதவியும் தராமல் சட்டத்தை மட்டும் காட்டுவது சரியல்ல. ஆனால் அந்த ஆதங்கத்தில் அவுட்டுக்காய் என்கிற வெடித்தீனி வைப்பவர்களை என்னால் மன்னிக்க முடியாது. 2020 மே மாதம் பாலக்காட்டுப் பக்கம் வெடி நிறைத்த பழத்தைக் கடித்து, வாய் கிழிந்து, ஆற்றில் நின்றபடியே செத்த சினை யானையை நாம் மறக்கக் கூடாது.

துணைக்கருவிகளைப் பற்றிக் கேட்பவர்களும் உண்டு, குறிப்பாக சைலன்சர். துப்பாக்கிச் சத்தம் இரண்டு வகையில் பிறக்கிறது. குழலின் வாயில் உயர் அழுத்த வாயு திடீரென விரிவது ஒன்று. குண்டு ஒலியைவிட வேகமாகப் போனால் காற்றைக் கிழிக்கும் சத்தம் மற்றொன்று. 1909-இல் அமெரிக்கரான ஹைரம் பெர்சி மேக்சிம் காப்புரிமை பெற்ற சைலன்சர் முதல் வகையை மட்டுமே குறைக்கும். வாயுவைப் பல அறைத் தடுப்புகளில் சுற்றவிட்டு, மெதுவாக விரியவைத்து, குளிரவைத்து வெளியே விடும். பெரிய ரைஃபிளின் 160 டெசிபெல் சத்தம் 130 பக்கம் வரும். சினிமாவில் கேட்கும் 'புஸ்' என்ற சத்தமெல்லாம் கற்பனை. ஒற்றை வெடிச்சத்தத்தில் காது கேடடையத் தொடங்கும் அளவு 140 என்பதால் பின்லாந்து, நார்வே போன்ற நாடுகளில் வேட்டைக்காரர்கள் இதைத் தாராளமாகப் பயன்படுத்துகிறார்கள். இந்தியாவில் சத்தத்தையோ தீச்சுடரையோ குறைக்கும் எந்தத் துணைக்கருவியும் தடைசெய்யப்பட்ட ஆயுதங்களின் அதே முதல் வகுப்பில் வைக்கப்பட்டிருக்கிறது. அது சரியென்றே நினைக்கிறேன். மேற்குத் தொடர்ச்சி மலையில் மிளாவையோ கேளையாட்டையோ திருட்டுத்தனமாகச் சுடுபவனைக் காட்டிக்கொடுப்பது அந்த ஒரு வெடிச்சத்தம்தான். காதைக் காக்க வேண்டுமென்றால் காதடைப்பானுக்கு யாரிடமும் உரிமம் கேட்க வேண்டாம்.

இப்படியெல்லாம் பார்த்தபின், முதல் ரைஃபிள் எது என்று என்னிடம் கேட்டால் தயங்காமல் சொல்வேன்: 10 மீட்டர் குறிசுடும் ஏர் ரைஃபிள். மருந்து கிடையாது, அடைத்த காற்றுதான் தள்ளுகிறது. 4.5 மில்லிமீட்டர் ஈயச் சன்னம், அரை கிராம் எடை, ஏழெட்டு ஜூல் ஆற்றல். ஒரு இரும்புத் தகடு அதை நிறுத்திவிடும். ஆனால் கற்றுக்கொடுப்பதில் அதற்கு இணை இல்லை. 10 மீட்டர் தூரத்தில் பத்துப் புள்ளி தரும் மையம் அரை மில்லிமீட்டர் அளவுப் புள்ளி. மூச்சு, இதயத் துடிப்பு, விரல் அழுத்தம் எல்லாவற்றையும் அடக்கியாளத் தெரிந்தால்தான் அதைத் தொடமுடியும். .315-ஐ முதலில் கையில் எடுப்பவருக்கு இந்தப் பாடம் ஏறாது. அதன் பின்னுதைப்பு இருபது ஜூலுக்கு மேல்; .22-இன் உதைப்பைவிட நூறு மடங்குக்கும் அதிகம். இரண்டு தடவை தோளில் வாங்கிய உடல், மூன்றாவது தடவை குதிரையை இழுக்கும் முன்பே கண்ணை மூடித் தோளைச் சுருக்கிக்கொள்ளும். அந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டால் போக்குவது பெரும்பாடு.

கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் இந்த ஏர் ரைஃபிளில்தான் 2019-இல் உலகக் கோப்பைத் தங்கம் வென்று, டோக்கியோ, பாரிஸ் ஒலிம்பிக்குகளுக்குப் போனார். 2008-இல் பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா இந்தியாவின் முதல் தனிநபர் ஒலிம்பிக் தங்கத்தை வாங்கியதும் இதே போட்டியில். புதுக்கோட்டைப் பிருத்விராஜ் தொண்டைமான் 12 போர் துப்பாக்கியால் பறக்கும் களிமண் தட்டுகளைச் சுடும் டிராப் போட்டிக்குப் பாரிஸ் சென்றார். சுடுவதில் ஆசை உள்ள பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டிய முகங்கள் இவை.

ஏர் ரைஃபிளிலும் எச்சரிக்கை தேவை. .177 போருக்கு மிகாத, 20 ஜூலுக்குக் குறைந்த ஏர்கன்னுக்கு உரிமம் வேண்டாம் என்பதைச் சிலர் எதைச் சுடவும் அனுமதி என்று எடுத்துக்கொள்கிறார்கள். சுசீந்திரம், தேரூர்க் குளங்கள் 2022-இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்தவை. அங்கே வரும் நாரையையோ நீர்க்கோழியையோ ஏர்கன்னால் அடித்தால் அது வனவிலங்குச் சட்டப்படி குற்றம், கருவிக்கு உரிமம் தேவையில்லாவிட்டாலும். அருணாசலப் பிரதேசத்தில் பறவைகள் அருகிப்போனதைக் கண்டு 2021-இல் ஏர்கன்களைத் தாமாகவே ஒப்படைக்கும் இயக்கம் நடத்தினார்கள். ஊர் ஊராக மக்கள் கொண்டுவந்து கொடுத்தார்கள். நாமும் செய்யத்தக்க காரியம்.

வீட்டுக்குள் வரும் துப்பாக்கி திருடனைவிட வீட்டாருக்கே அதிக ஆபத்து. வீட்டில் துப்பாக்கி இருந்தால் தற்கொலைச் சாவின் வாய்ப்புக் கூடுகிறது என்று அமெரிக்காவில் நடந்த பல ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. மன வேதனை உச்சத்தில் நிற்கும் நேரம் குறுகியது. அந்த நேரத்தில் கைக்கு எட்டும் கருவி எது என்பதே உயிரைத் தீர்மானிக்கிறது. துப்பாக்கி ஒரு பூட்டில், தோட்டா வேறொரு பூட்டில், சாவிகள் வேறுவேறு இடத்தில் இருக்க வேண்டும்.

2017-க்கான ஸ்மால் ஆர்ம்ஸ் சர்வே மதிப்பீட்டின்படி இந்தியப் பொதுமக்களிடம் ஏழு கோடிக்கு மேல் துப்பாக்கிகள் இருக்கின்றன. அவற்றில் பதிவானவை ஒரு கோடிக்கும் குறைவு. அந்த மிச்சத்தில் ஒன்றிரண்டு நம் பழைய வீடுகளின் மச்சிலும் இருக்கக்கூடும். பாட்டா வைத்திருந்த துப்பாக்கி, அவர் போனபின் உரிமம் புதுப்பிக்கப்படாமல் துணி சுற்றிக் கிடக்கும். அது இப்போது யார் பேரிலும் இல்லாத ஆயுதம். உரிமமின்றி வைத்திருந்ததற்கு இரண்டு முதல் ஐந்து ஆண்டு வரை சிறை உண்டு. உங்கள் வீட்டில் அப்படி ஒன்று இருந்தால், குண்டு நிறைந்திருக்கிறதா என்று பார்ப்பதற்காக அதைக் கிண்டாதீர்கள். குழலின் வாய் யார் பக்கமும் திரும்பாதபடி அப்படியே விட்டுவிட்டு, பக்கத்துக் காவல் நிலையத்தில் போய்ச் சொல்லுங்கள். ஆயுதச் சட்டத்தின் 21-ஆம் பிரிவு அதை அங்கேயோ உரிமம் பெற்ற வியாபாரியிடமோ ஒப்படைக்க வழி தந்திருக்கிறது. ஒப்படைத்ததற்கு ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். வாரிசுகள் பிறகு தங்கள் பேரில் உரிமம் கேட்டு விண்ணப்பிக்கலாம்.